அத்தான் கேட்டு வாங்கிய தப்புகள்

என் அக்காள் ஜெபமலரைக் கட்டிய ராஜையன் தீயணைப்புப் படையில் டிரைவர். கை சும்மா இருந்தாலும் வாய் சும்மா இருக்காத மனிதர். சபையில் போதகர் ஜெபத்தை முடித்து எல்லோரும் கண்ணைத் திறக்கும்போது, இவர் பக்கத்து ஆளிடம் பாதிக் கதையைச் சொல்லி முடித்திருப்பார். பெண் பார்க்க வந்த அன்றே, யார் வீட்டு அடுக்களையில் எப்படித் தீப்பிடித்தது என்று எங்கள் அப்பாவிடம் பேசிப் பேசிக் காப்பியை ஆறவிட்டார். அப்பாவுக்கு ஆளைப் பிடித்துவிட்டது. எனக்குப் பிடிக்கவில்லை. அக்காளிடம் கேட்டபோது, "மிண்டாம முகத்தைத் தூக்கி வச்சிருக்குற மாப்பிள்ளைக்கு இது எவ்வளவோ மேலு" என்றாள். வாய் திறக்காத மாப்பிள்ளையாகப் பார்த்திருக்கலாமே என்று பின்னால் அவள் எத்தனையோ முறை என்னிடம் சொன்னதுண்டு.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. மலையாள நாட்டுத் தலைநகரில், தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு லாட்ஜில் நான் ரிசப்ஷனில் இருந்தேன். நாகர்கோவில் பஸ்ஸில் வந்து இறங்கும் கட்டட வேலைக்காரர்கள், மெடிக்கல் காலேஜுக்கு வந்தவர்கள், ரயிலைத் தவறவிட்டுப் பெட்டியோடு திட்டிக்கொண்டே படியேறுகிறவர்கள் என்று எந்நேரமும் ஆள் நடமாட்டம். மேஜைமேல் ஒரு கறுப்பு டெலிபோன் இருந்தது. கரமனையில் அக்காள் வீட்டில் போன் கிடையாது என்பதால் அதுவே அத்தானுக்கும் டெலிபோன். அந்த நாட்களை நினைத்தால் முதலில் என் காதில் விழுவது அந்தப் போனின் மணிதான். எடுத்தால் ஏதோ ஒரு நிலையத்திலிருந்து ஏதோ ஒரு குரல், "ராஜையண்ணன் அவிடெ உண்டோ?" என்று கேட்கும். பெரும்பாலும் உண்டு. என் மேஜைக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து என் வேலையைக் கெடுத்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் மத்தியானம் சிவப்பு வண்டியையே லாட்ஜ் வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, "அளியா, ஒரு கட்டன் சொல்லு" என்று உள்ளே வந்தார். எங்கள் பக்கத்தில் மச்சினனை அளியன் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் பால் விடாத சாயா சொல்லக் கடைப் பக்கம் திரும்புவதற்குள் மேலே இருந்து சனங்கள் இறங்கி ஓடிவர ஆரம்பித்தார்கள். ஜன்னல் வழியே வண்டியைப் பார்த்த யாரோ, தீ என்று கத்தியிருக்கிறார்கள். முகம் முழுக்கச் சோப்பு நுரையோடு ஒருவர். இடுப்பில் துண்டோடு ஒருவர். முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் நானே எரிந்திருப்பேன். அத்தானுக்கு ஒரு கூச்சமும் இல்லை. எல்லோரையும் வராந்தாவில் நிறுத்திவைத்து, "பின்னால ஒரு படி உண்டே, ஏன் ஒருத்தரும் அந்த வழி வரல்ல?" என்று கேட்டார். போய்ப் பார்த்தால் பின்படி முழுக்கப் பழைய மெத்தைகள் அடைத்துக் கிடந்தன. அன்று சாயங்காலமே முதலாளி அதைக் காலிசெய்ய வைத்தார். ஆனால் திட்டு வாங்கியது நான்.

அவர் அப்படித்தான். ஒரு தப்பு நடந்துவிட்டால் மற்றவர்கள் அதன்மேல் மண்ணைத் தள்ளி மூடப் பார்ப்பார்கள். இவர் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நாலு பேருக்குக் காட்டினால்தான் தூங்குவார்.

அவருடைய வேலையும் அதற்குத் தோதாக அமைந்திருந்தது. அவர் ஓட்டியது ஸ்பேர் வண்டி. எந்த நிலையத்து வண்டியாவது பழுதாகி ஒர்க்‌ஷாப்புக்குப் போனால், அது திரும்பிவரும்வரை இவர் ஸ்பேர் வண்டியோடு அங்கே போய்க் கிடக்க வேண்டும். இன்று நகரத்துக்குள், அடுத்த வாரம் கடலோரம், பிறகு கல்லாற்றுப் பக்கம் மலையடிவாரம். எந்த நிலையத்துக்குப் போனாலும் அவருக்கு ஒரு டம்ளர் உண்டு.

டம்ளர் என்றதும் அந்த வழக்கத்தைச் சொல்லவேண்டும். வெளியே போன வண்டி திரும்பியதும், நனைந்த ஹோஸ்களைக் காயப்போட்டுவிட்டு, ஷெட்டுக்குப் பின்னால் எல்லோரும் கட்டன் சாயா குடிக்க உட்காருவார்கள். போனவர்கள் போகாதவர்களுக்கு நடந்ததைச் சொல்லவேண்டும். எந்த வால்வு இறுகிக் கிடந்தது, யார் ஏணியைச் சரியாகச் சாத்தவில்லை, எந்தச் சந்தில் வண்டி திரும்பாது என்பதெல்லாம் அங்கேதான் வெளியே வரும். ரிப்போர்ட்டில் அதெல்லாம் வராது. எழுதினால் மெமோ வரும், விசாரணை வரும். அதனால் ரிப்போர்ட் எப்போதும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நிற்கும். நிஜம் பூராவும் கட்டன் டம்ளரைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். ஆனால் ஒரு நிலையத்தின் கட்டன் பேச்சு அந்த மதிலைத் தாண்டக்கூடாது என்பதும் வழக்கம்தான். ஒரு நிலையத்தில் பட்டுத் தெரிந்துகொண்டதை, அடுத்த நிலையத்துக்காரன் தானே பட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அத்தான் மதிலைத் தாண்டினார். தண்ணீர்த் தொட்டி காலியாக இருப்பதைக் கவனிக்காமல் ஒரு வண்டி தீயணைக்கப் போய் நின்ற கதையை, இன்னொரு நிலையத்தில் பேரோடு ஊரோடு சொல்லிவிட்டார். கேட்டவர்கள் அன்றைக்கே எழுந்துபோய்த் தங்கள் தொட்டியைத் திறந்து பார்த்தார்களாம். அதுவரை நல்லது. ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. மேலிடம்வரை போய், தொட்டியைக் கவனிக்காதவனுக்கு மெமோ வந்து, அவன் அத்தானை அடிக்க வந்து, கடைசியில் அத்தானைத் தூக்கி வடக்கே மலபாருக்கு மாற்றினார்கள்.

அக்காள் மகள் சுஜா அப்போதுதான் நடக்கத் தொடங்கியிருந்தாள். சில வருஷங்கள் அக்காள் அந்தக் கரமனை வாடகை வீட்டில் குழந்தையோடு தனியாக இருந்தாள். அக்கிரகாரத்துத் தெருவுக்குப் பின்னால், ஆற்றங்கரைக்குப் போகும் வழியில் இருந்தது அந்த வீடு. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் நான் லாட்ஜிலிருந்து ஓடவேண்டும். மழையில் ஓடு உடைந்தால் நான் ஏறவேண்டும். எப்போதாவது விடுமுறையில் வரும் அப்பாவைக் கண்டால் சுஜா கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். அத்தான்மேல் எனக்கு இருந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. எரிகிற வீட்டுக்குள் போகத் தெரிந்தவருக்கு வாயை மூடத் தெரியாதா?

கெஞ்சிக் கூத்தாடி அவர் ஊருக்குத் திரும்பி வந்ததும், அக்காள் சாயங்கால ஜெபம் முடிந்த கையோடு வேதப்புத்தகத்தை அவர்முன் வைத்தாள்.

"கை வச்சுச் சொல்லுங்க. இனி அடுத்தவனுக்க தப்பை ஒருத்தன்கிட்டயும் பேசமாட்டேன்னு."

அத்தான் கை வைத்துச் சொன்னார். நான் பக்கத்திலேயே இருந்தேன். ஒரு வார்த்தை குறையாமல் சொன்னார்.

கொஞ்சநாளில் லாட்ஜுக்கு வரும் டிரைவர்கள் என்னிடம் ஒரு மாதிரிச் சிரிக்க ஆரம்பித்தார்கள். "தன்றெ அளியன் ஆளொரு மண்டன் தன்னே!" என்று ஒருவர் முதுகில் தட்டிவிட்டுப் போனார். மண்டன் என்றால் மலையாளத்தில் முட்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு ஒருநாள் அத்தானே ஸ்டூலில் உட்கார்ந்து யாரோ இரண்டு பேரிடம் கதை சொல்வதைக் கேட்டேன். "நான் அண்ணைக்கு ஒரு மண்டத்தனம் செய்தேன்" என்று ஆரம்பித்தார். மின்சாரம் நிற்காத ஒரு கடைக்குள் தண்ணீரைப் பாய்ச்சி, ஷாக் அடித்துத் தூரப்போய் விழுந்த கதை. கேட்டவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். போகும்போது, முதலில் பியூஸைப் பிடுங்கவேண்டும் என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டே போனார்கள்.

"அத்தான், அந்தக் கடை எரிஞ்ச அண்ணைக்கு நீங்க இஞ்ச என்கூட புரோட்டா தின்னுட்டு இருந்தீங்க" என்றேன்.

"ஆமா."

"பின்ன?"

"அடுத்தவனுக்க தப்பைப் பேசமாட்டேன்னுதானே அளியா சத்தியம்? எனக்க தப்பைப் பேசலாமே" என்று கண்ணைச் சிமிட்டினார்.

இப்படி ஒரு வழியை வக்கீல்கூடக் கண்டுபிடித்திருக்கமாட்டான். ஆனால் அந்த வழி ஓடியது. தன்னைத்தானே முட்டாள் என்று சொல்லிக்கொள்கிறவன்மேல் யாருக்கும் கோபம் வருவதில்லை. யார்மேலும் மெமோ பாய்வதில்லை. சிரித்துக்கொண்டே கேட்டது மறப்பதுமில்லை. அதைவிட வேடிக்கை, தப்பு செய்தவர்களே அவரைத் தேடிவர ஆரம்பித்தார்கள். ஒர்க்‌ஷாப்பில் வண்டி பழுதுபார்க்கக் காத்திருக்கும்போது பக்கத்தில் வந்து உட்காருவார்கள். மனதில் கிடந்து அரிப்பதைச் சொல்லிவிட்டு, பாவ அறிக்கை செய்துவிட்டு வருகிற சபைக்காரர்களைப்போல லேசாக எழுந்துபோவார்கள். தப்பு அத்தான் தலைக்கு வந்துவிடும். அவர் அதை ஊர் ஊராகக் கொண்டுபோவார்.

அக்காளுக்கு விஷயம் தெரிந்தது சாலை மார்க்கெட்டில். நேசம்மாள் என்று சபைக்காரி ஒருத்தி. அவள் தம்பியும் படையில் இருந்தான். "நீதானா அந்த ராஜையனுக்க வீட்டுக்காரி? கண்ணைக் கட்டிட்டு வண்டி ஓட்டுறவராமே" என்று மீன்கூடைகளுக்கு நடுவே நின்று சத்தமாகக் கேட்டிருக்கிறாள். அக்காள் கொஞ்சம்கூட யோசிக்காமல், "அது வேற ராஜையன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து அவள் போட்ட சண்டையில் ஒரு சட்டி உடைந்தது. அத்தான் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே, சத்தியத்தை மீறவில்லை என்பதை விளக்கப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. "செய்யாத தப்புக்கெல்லாம் எனக்க பிள்ளை மண்டனுக்க மகளாகணுமா?" என்று அழுதாள். அவள் அழுததில் நியாயம் இருந்தது. அன்றுமுதல் யார் கேட்டாலும் அவளிடம் ஒரே பதில்தான். அது வேற ராஜையன். பள்ளிக்கூடத்தில் கேட்டால் சொல்வதற்குச் சுஜாவுக்கும் அதையே சொல்லிக்கொடுத்தாள்.

அப்படி வந்து சேர்ந்த தப்புகளில் பெரியது பூதலிங்கத்துடையது. அவரும் டிரைவர்தான். நாகர்கோவில்காரர், அதிகம் பேசாதவர், அத்தானோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர். ஒருநாள் லாட்ஜில் என் மேஜைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் வைத்துத்தான் அத்தானிடம் அதைச் சொன்னார். நான் சாயா கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றேன்.

கிணற்றுக்குள் ஒருவர் விழுந்துகிடந்தார். தண்ணீரை இறைக்க வேண்டும். பம்ப் வைப்பது டிரைவரின் வேலை. குழாய் எட்டவில்லை என்று பூதலிங்கம் பம்பைக் கிணற்றின் விளிம்பிலேயே வைத்து ஓட்டினார். கிணற்றில் கெட்ட காற்று இருக்கிறதா என்று பார்க்க, வழக்கம்போல மெழுகுதிரியை ஏற்றி வாளியில் வைத்து இறக்கினார்கள். திரி நன்றாக எரிந்தது. அதை நம்பி ஒரு பயர்மேன் இறங்கினான். கீழே போனதும் கயிற்றைப் பிடித்திருந்த கை தளர்ந்து அப்படியே சாய்ந்துவிட்டான். இழுத்துப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், எப்படியோ பிழைத்தான். விழுந்துகிடந்தவர் பிழைக்கவில்லை. கிணற்றில் விஷவாயு என்று ரிப்போர்ட் எழுதி முடித்துவிட்டார்கள்.

"கெணத்துல ஒண்ணும் இல்ல, ராஜையா" என்றார் பூதலிங்கம். "எனக்க பம்புக்க பொகைதான். அது அப்பிடியே கீழ எறங்கியிருக்கு. அந்தப் பொகைக்குத் திரி அணையாதுன்னு ஆஸ்பத்திரில டாக்டர் சொன்ன பெறகுதான் எனக்கே தெரியும்."

அத்தான் சாயாவை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு கேட்டார், "அந்தக் கதையை எனக்குத் தருவியா?"

பூதலிங்கம் முகத்தைப் பொத்திக்கொண்டு தலையாட்டினார்.

அதன்பிறகு அத்தான் போன இடமெல்லாம், பம்பைக் கிணற்று வாயில் வைத்து ஓர் ஆளைக் கொல்லப் பார்த்த மண்டன் அத்தான்தான். இந்தக் கதைக்கு மட்டும் யாரும் சிரிக்கவில்லை. கேட்டவர்கள் அவரை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். சிலர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோனார்கள். அது அவருக்கு வலித்தது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அடுத்த நிலையத்தில் போய் மறுபடியும் சொல்வார்.

அந்தச் சமயத்தில்தான் அவருக்கு டிரைவர் மெக்கானிக் பதவி வரவேண்டியிருந்தது. நகரத்து ஒர்க்‌ஷாப்பிலேயே வேலை. ரிட்டயர் ஆகும்வரை இடமாற்றம் கிடையாது. அக்காளுக்கு அது ஒன்றுதான் கனவு. சுஜா பத்தாம் வகுப்புக்குப் போகிறாள், அப்பா தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வருவார் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். வராந்தாவில் போட ஒரு சாய்வு நாற்காலிகூட வாங்கிவிட்டாள்.

புதிதாக வந்திருந்த அதிகாரி நீலகண்டன் காதுக்குக் கிணற்றுக் கதை போயிற்று. பழைய பதிவுகளைப் பார்த்திருக்கிறார். அந்த நாளில் ராஜையன் அந்த நிலையத்திலேயே இல்லை. போனது இரண்டு வண்டி, பம்பை வைத்தது எந்த டிரைவர் என்று ரிப்போர்ட்டில் இல்லை. கூப்பிட்டு விசாரித்தார். ஆள் மோசமில்லை, உட்காரவைத்துத்தான் பேசினார் என்று அத்தானே சொன்னார். அதிகாரி இரண்டு வழி காட்டியிருக்கிறார். கதை நிஜமென்றால் பம்ப் வைத்தவன் பெயரைச் சொல்லவேண்டும். இல்லையென்றால், இதுவரை சொன்னதெல்லாம் கட்டுக்கதை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவேண்டும். எதைச் செய்தாலும் பதவி உண்டு. இரண்டும் முடியாது என்றால், வதந்தி பரப்பிப் படையின் பெயரைக் கெடுத்த குற்றம். பதவி இல்லை. மறுபடியும் வடக்கே போகவேண்டும். யோசித்துச் சொல்ல ஒருநாள் அவகாசம் கொடுத்தார்.

பூதலிங்கம் லாட்ஜுக்கு ஓடிவந்தார். "நானே போய்ச் சொல்லிடுதேன், ராஜையா" என்றார். அத்தான் அவரை உட்காரவைத்தார்.

"நீ போய்ச் சொன்னா என்னாவும்? ராஜையன்கிட்ட சொன்னவன் மாட்டிக்கிட்டான்னு எல்லா ஸ்டேஷன்லயும் தெரியும். நாளைக்கு எவன் எங்கிட்ட வாய் தொறப்பான்? எல்லாத்தையும் மூடி வைப்பான். நீ வீட்டுக்குப் போ."

சாயங்காலம் நானும் அவரோடு கரமனைக்குப் போனேன். அக்காளிடம் நடந்ததைச் சொன்னார். அவள் புதுச் சாய்வு நாற்காலியின் பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றே கேட்டாள்.

"பேரு சொல்லவேண்டாம். பூதலிங்கண்ணன் பாவம். மத்ததை எழுதிக் குடுங்க. எல்லாம் நான் சும்மா கட்டிவிட்ட கதைன்னு. ஒரு ஒப்பு போட்டா போதும். அதுல ஆருக்கு நஷ்டம்?"

"எழுதலாம்" என்றார் அத்தான். "பெறகு பம்பைத் தள்ளி வச்சவன் எல்லாம், அது ராஜையன் விட்ட புளுகுன்னு மறுபடியும் கெணத்துப் பக்கத்துல கொண்டுபோய் வைப்பான். கீழ எறங்குறவனுக்கு நஷ்டம், மலரே."

"அப்ப எனக்கும் இந்தப் பிள்ளைக்கும் நஷ்டம் இல்லியா?"

அத்தான் என்னைப் பார்த்தார். நான் அக்காள் பக்கம்தான். அதை மறைக்கவும் இல்லை. "எழுதிக் குடுத்துட்டு வேலையைப் பாருங்க அத்தான்" என்றேன்.

மறுநாள் நீலகண்டனிடம் போய், "கதை எல்லாம் நெசம் சார். பேரு மட்டும் என்னது. அதுதான் எங்கிட்ட உண்டு, வேற பேரு இல்ல" என்று சொல்லிவிட்டு வந்தார். அடுத்த மாதமே வடக்கே வண்டியேறினார். பதவி வேறொருவருக்குப் போயிற்று. வழியனுப்ப நான் மட்டும்தான் தம்பானூர் ஸ்டேஷனுக்குப் போனேன். அக்காள் வரவில்லை. ரயில் கிளம்பும்வரை எதிர் இருக்கைக்காரரிடம் ஸ்டவ் வெடிக்கும் விதத்தை விளக்கிக்கொண்டிருந்தார். ஆனால் என்னை நேராகப் பார்க்கவில்லை.

அந்தச் சாய்வு நாற்காலியில் அதன்பிறகு நான்தான் உட்கார்ந்தேன். சுஜா பத்து முடித்து, பன்னிரண்டு முடித்து, நர்ஸிங் படிக்கப் போனாள். ஒவ்வொன்றுக்கும் அத்தான் வந்தது விருந்தாளியைப்போலத்தான். ரிட்டயர் ஆகிக் கரமனைக்குத் திரும்பியபோது முன்முடி முழுக்க வெளுத்திருந்தது. அக்காள் சோறு போட்டாள், துணி துவைத்துப் போட்டாள். பேச்சு மட்டும் அளந்துதான். அவர் ஊர்க்கதையை எடுத்தால் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவாள். நானும் அவரிடம் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. கதை கேட்க ஆளில்லாமல் அத்தான் ஆற்றங்கரைப் படித்துறையில் போய் உட்கார்ந்திருப்பார். அதைப் பார்க்க எனக்கு என்னவோபோல் இருக்கும்.

இரண்டாயிரத்துப் பதினாறாகத்தான் இருக்கும், கோடைக்காலம். அன்று ஞாயிற்றுக்கிழமை, நான் அங்கே சாப்பிடப் போயிருந்தேன். மூன்றாவது வீட்டில் கிணறு தூர்வார, சொரிமுத்து என்று தென்காசிப் பக்கத்து வேலைக்காரர் இறங்கியிருந்தார். பாதியில் கிணற்றுப் பக்கவாட்டு மண் சரிந்தது. சேற்றில் இடுப்புவரை புதைந்துபோனார். ஊற்றுத் தண்ணீர் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. மேலே நின்ற அவர் மனைவி சுடலைமாடத்தி, "எய்யா, யாராவது தூக்கிவிடுங்களேன்!" என்று அலறியது தெருமுழுக்கக் கேட்டது. நாங்கள் ஓடினோம். அக்காளும் கைத்துணியோடு வந்து நின்றாள்.

தீயணைப்பு வண்டி வந்தது. இறங்கியவர்கள் எல்லாம் புதுப் பையன்கள். எங்களுக்கு ஒருவரையும் தெரியாது, அத்தானையும் யாருக்கும் தெரியாது. தண்ணீரை இறைக்காமல் ஆளைத் தோண்டி எடுக்கமுடியாது. டிரைவர் பையன் பம்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். சுற்றிலும் கூட்டம். கிணற்று விளிம்பில்தான் கொஞ்சம் இடம் இருந்தது. அங்கேயே வைக்கக் குனிந்தான்.

அத்தான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னே போனார். அவர் வாயைத் திறப்பதற்குள், அவர்களின் தலைவனாக வந்திருந்தவர் கயிற்றை முடிந்துகொண்டே பையனைப் பார்த்துக் கத்தினார்.

"எடா, ராஜையன் வைக்காதே! ராஜையன் வைக்காதே!"

பையன் தீயில் கை பட்டவன்போல் பம்பைத் தூக்கிக்கொண்டு, கூட்டத்தை விலக்கி வெளிக்கேட்டுப் பக்கம் ஓடினான். குழாய்க்கு நீளம் சேர்த்து அங்கிருந்தே ஓட்டினார்கள். புகை தெருப்பக்கம் போயிற்று. ஒருவன் இறங்கினான். நாங்கள் நின்றுகொண்டே இருந்தோம். தண்ணீர் வடிய வடிய மண்ணை அள்ளி, கடைசியில் சொரிமுத்துவைக் கயிற்றில் கட்டித் தூக்கினார்கள். உடம்பெல்லாம் சேறு, கண் மட்டும் வெள்ளையாகத் திறந்திருந்தது. சுடலைமாடத்தி அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு திட்டித் தீர்த்தாள்.

அக்கிரகாரத்திலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர் தலைவரிடம் கேட்டார். "அது என்னப்பா, ராஜையன் வைக்காதேன்னேள்?"

தலைவர் பாறசாலைப் பக்கத்துத் தமிழர்தான்போல. "பம்பைக் கெணத்து வாயில வச்சா நாங்க அப்பிடித்தான் சொல்லுவோம் சாமி. முன்ன ஒரு டிரைவர் இருந்தாராம், ராஜையன்னு. பெரிய மண்டன். அப்பிடி வச்சு ஒருத்தனைச் சாவக் கெடத்திட்டாராம். வேலைக்குச் சேந்த அண்ணைக்கே எல்லாருக்கும் இந்தக் கதையைச் சொல்லிருவாங்க. தெக்கேயும் உண்டு, வடக்கேயும் உண்டு."

"அப்பிடியா" என்றார் அத்தான், கூட்டத்தில் ஒருவராக. "பெரிய மண்டன்தான் போல."

நான் அக்காளைப் பார்த்தேன். அது அவர் இல்லை, அவர் அன்று அங்கே இல்லவே இல்லை என்று இப்போது கத்திவிடுவாள் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கும் அப்படிக் கத்தத்தான் தோன்றியது. ஆனால் அவள் திரும்பி வீட்டுக்குள் போய்விட்டாள்.

பையன்கள் ஹோஸைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது அக்காள் தட்டு நிறைய டம்ளரோடு வந்தாள். கட்டன் சாயா. வீட்டில் இருந்த டம்ளர், கிண்ணம் எல்லாம் அதில் இருந்தன. ஒவ்வொருவர் கையிலும் எடுத்துக் கொடுத்தாள். தலைவர் வாங்கிக்கொண்டு, "ரொம்ப நன்றி சேச்சி. எந்த வீடு?" என்று கேட்டார்.

"இந்தா, மூணாவது வீடு" என்றாள் அக்காள். "நீங்க சொன்ன அந்த ராஜையன் உண்டுல்லா? அந்த மண்டனுக்க பெஞ்சாதியாக்கும் நான்."

எல்லோருடைய டம்ளரும் பாதியில் நின்றது. தலைவர் அவளைப் பார்த்தார், பிறகு அவள் கண் போன திசையில் அத்தானைப் பார்த்தார். அத்தான் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன மிண்டாம நிக்கீங்க?" என்றாள் அக்காள். கடைசி டம்ளரை அவர் கையில் வைத்து, அவரைக் கிணற்றடிக் கல்லில் உட்காரவைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்துகொண்டாள். "பிள்ளைகள் கேக்குதாங்கள்லா? சொல்லுங்க."

அத்தான் ஒரு வாய் குடித்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"நான் அண்ணைக்கு ஒரு மண்டத்தனம் செய்தேன்" என்று ஆரம்பித்தார். அக்காள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதல்முறை கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தாள்.